கேவியும் எம்.ஏ.எஸ்.ஸும்

"சட்டையைக் கழட்டிட்டு வாங்க. செயின், தாயத்து ஏதும் இருந்தா அதையும் எடுத்துடுங்க. தாடையை இது மேல வையுங்க. கையை இடுப்புல வெச்சு முழங்கையை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க."

இதையெல்லாம் சொல்லி முடிக்க அரை நிமிடமாவது ஆகும். கதிர் பாயும் நேரமோ ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. மூச்சைப் பிடித்தவர் "எடுத்தாச்சா?" என்று கேட்பதற்குள் படம் திரையில் வந்துவிடுகிறது. நோயாளி அறிவதெல்லாம் ஒரு 'பீப்' ஒலிதான். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் டெக்னீஷியன் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்திருப்பார். ஒல்லியா, பருமனா, நெஞ்சு எத்தனை தடிமன் என்று கண்ணாலேயே அளந்துவிட்டு, கன்சோலில் இரண்டு எண்களைத் தட்டியிருப்பார். 120. 2.5. முன்னது கேவி, பின்னது எம்.ஏ.எஸ்.

குழாயிலிருந்து புறப்படும் கதிர்க்கற்றையின் செறிவு பெரும்பாலும் இந்த இரண்டு எண்களின் கையில்தான் இருக்கிறது. எதைக் கூட்டினாலும் கதிர் கூடும். எதைக் குறைத்தாலும் குறையும். அப்படியானால் ஒரே பொத்தான் போதாதா? எதற்கு இரண்டு?

குழாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். எக்ஸ்-கதிர்க் குழாய் என்பது காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கூடு. ஒரு முனையில் டங்ஸ்டன் கம்பிச் சுருள். எதிர்முனையில் விளிம்பு சரிவாகச் சீவப்பட்ட டங்ஸ்டன் தட்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுற்றும். பொத்தானைப் பாதி அழுத்தியதும் கேட்கும் 'உய்ங்' என்ற ஒலி அந்தத் தட்டு வேகமெடுக்கும் ஒலிதான். அதே சமயம் சுருளுக்குள் நாலைந்து ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து அதை வெள்ளையாகக் கனற வைக்கிறது. அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் கம்பியைவிட்டுக் கிளம்பி அதைச் சுற்றி மொய்த்து நிற்கின்றன. பொத்தானை முழுதும் அழுத்தியதும் இரு முனைகளுக்கும் இடையே உயர் மின்னழுத்தம் விழுகிறது. மொய்த்து நின்ற எலக்ட்ரான்கள் தட்டை நோக்கிப் பாய்கின்றன.

அப்படிக் குழாயைக் கடக்கும் ஓட்டத்தின் அளவுதான் எம்.ஏ., அதாவது மில்லிஆம்பியர். சுருளைக் கனற வைக்கும் ஆம்பியரையும் இந்த மில்லிஆம்பியரையும் முதலாண்டு மாணவர்கள் குழப்பிக்கொள்வது வழக்கம். முன்னதைக் கொஞ்சம் கூட்டினால் பின்னது மளமளவென்று ஏறும் என்ற உறவு உண்டே தவிர, இரண்டும் ஒன்றல்ல. எம்.ஏ.வை விநாடியால் பெருக்கினால் எம்.ஏ.எஸ். 250 எம்.ஏ. ஓட்டம் 0.01 விநாடி நீடித்தால் 2.5 எம்.ஏ.எஸ். எலக்ட்ரான் கணக்கில் சொன்னால், அந்த ஒரு 'பீப்'புக்குள் தட்டில் மோதியவை சுமார் 156 கோடி கோடி.

ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் மோதுகிறது என்பதைத் தீர்மானிப்பது கேவி. 120 கேவி என்றால் 1,20,000 வோல்ட். அந்த அழுத்தத்தில் இழுபடும் எலக்ட்ரான் ஒளி வேகத்தில் கிட்டத்தட்ட 59 சதவீதத்தை எட்டிவிடுகிறது. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் எட்டிய வேகம் இது. அதே வேகத்தில் டங்ஸ்டனுக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குள்ளேயே நின்றும் போகிறது. அது இழக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்கு வெறும் சூடு. மிச்சமிருக்கும் ஒரு பங்கோ அதற்கும் சற்றுக் குறைவோதான் எக்ஸ்-கதிர். அதுவும் எல்லாத் திசையிலும் சிதறுகிறது; ஒரு சிறிய சன்னல் வழியே வெளியேறுவது மட்டுமே நமக்குப் பயன். இவ்வளவு விரயம் செய்யும் கருவியை வேறெந்தத் துறையிலும் வேண்டாம் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

செறிவு என்பது இரண்டு சேர்ந்தது: ஒரு குறிப்பிட்ட பரப்பில் எத்தனை ஃபோட்டான்கள் விழுகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலோடு விழுகிறது. எம்.ஏ.எஸ். தொடுவது எண்ணிக்கையை மட்டும். எலக்ட்ரான்கள் இருமடங்கானால் ஃபோட்டான்களும் இருமடங்கு, செறிவும் இருமடங்கு. கதிரின் குணம் அணுவளவும் மாறாது. 100 எம்.ஏ.வை 0.1 விநாடியும், 200 எம்.ஏ.வை 0.05 விநாடியும், 500 எம்.ஏ.வை 0.02 விநாடியும் கொடுத்தால் எல்லாம் அதே 10 எம்.ஏ.எஸ்.; படமும் ஒன்றேதான். அழும் குழந்தைக்கும் மூச்சுப் பிடிக்க முடியாத முதியவருக்கும் கடைசி வழியே நல்லது. நேரம் குறையக் குறைய அசைவால் படம் கலங்குவதும் குறையும். எப்போதும் அப்படியே எடுத்துவிடலாமே என்றால், அத்தனை சூடும் அந்தச் சிறிய நேரத்தில் தட்டின் மீது மில்லிமீட்டர் அகலப் பட்டையில் இறங்க வேண்டும். நெஞ்சுப் படத்துக்கு 300 ஜூல், அது ஒன்றுமில்லை. இடுப்பு முதுகெலும்பைப் பக்கவாட்டில் எடுக்கும்போது 85 கேவி, 80 எம்.ஏ.எஸ். வரை போகும், அப்போது 6,800 ஜூல். தட்டைச் சுற்ற வைப்பதே இதற்காகத்தான்: சூடு ஒரே இடத்தில் இறங்காமல் விளிம்பு முழுக்கப் பரவட்டும் என்று.

கேவியின் கதை வேறு. அதை இருமடங்காக்கினால் செறிவு இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் இருமடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது என்பது முதல் காரணம். அந்த ஆற்றலில் எக்ஸ்-கதிராக மாறும் பங்கும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பது இரண்டாவது. இரண்டு இரட்டிப்புகள் ஒன்றோடொன்று பெருகி நான்காகின்றன. குழாயிலிருந்து புறப்படும் செறிவு கேவியின் வர்க்கத்தை ஒட்டியே ஏறும் என்பது துறையின் பால பாடம்.

ஆனால் அந்த அறைக்குள் பழகியவர்களிடம் இன்னொரு கணக்கும் உண்டு. கேவியை 15 சதவீதம் கூட்டினால் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கிவிடலாம், படத்தின் கருமை மாறாது. 70 கேவியில் 20 எம்.ஏ.எஸ். கொடுத்தவர் 80 கேவியில் 10 கொடுத்தால் போதும். வர்க்கக் கணக்கோடு இது ஒத்துவருகிறதா? 1.15-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 1.32. செறிவு மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, இருமடங்காகவில்லை. அப்படியிருக்க எப்படிப் பாதி போதும்?

வர்க்கக் கணக்கு குழாய் வாசலில் நின்று பார்ப்பது. டெக்னீஷியனின் கணக்கு நோயாளிக்குப் பின்னால் நின்று பார்ப்பது. நடுவில் ஓர் உடல் இருக்கிறது. தடித்த பகுதிகளில் உள்ளே புகும் கதிரில் நூற்றில் ஒன்றுதான் மறுபக்கம் வந்து சேரும். கேவி கூடும்போது கதிரின் எண்ணிக்கை கூடுவதோடு ஒவ்வொரு ஃபோட்டானின் ஊடுருவும் திறனும் கூடுகிறது. அதனால் கடந்து வரும் பங்கும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஃபிலிம் பக்கத்தில் செறிவு கேவியின் நான்காம் ஐந்தாம் மடி கணக்கில் உயர்கிறது. 1.15-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். இரண்டு வந்து நிற்கும்.

இந்த இரண்டு குமிழ்களும் தனித்தனியாக இருப்பதே ஒரு வரம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. முதல் 18 ஆண்டுகள் அப்படி இருக்கவில்லை. 1895 நவம்பர் 8 அன்று வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டபோது அவரிடம் இருந்தது கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும் குழாய். டிசம்பர் 22 அன்று தன் மனைவி பெர்த்தாவின் கையை அவர் படமெடுக்க ஏறக்குறைய கால் மணி நேரம் பிடித்தது. இன்று 50 கேவியும் இரண்டு மூன்று எம்.ஏ.எஸ்.ஸும் போதும், கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. அன்றைய குழாய்களில் எலக்ட்ரான் வந்ததே அந்த மிச்ச வாயுவின் தயவில். வாயு கூடுதலாக இருந்தால் ஓட்டம் கூடும், அழுத்தம் தாழும். கதிர் நிறைய வரும், ஆனால் சோப்ளாங்கியாக வரும். வாயு குறைந்தால் நேர்மாறு. ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்ற வழியே இல்லை.

போதாததற்கு, குழாய் தன் போக்கில் மாறிக்கொண்டும் இருந்தது. ஓட ஓட வாயு சுவர்களில் ஒட்டிக்கொள்ளும், குழாய் 'கடின'மாகிவிடும். திரும்ப 'மிருது'வாக்க 1898-ல் பிரான்ஸின் பால் வில்லார் ஒரு தந்திரம் கண்டார். குழாயின் ஓரத்தில் ஒரு சிறு பல்லேடியக் குச்சி பதிக்கப்பட்டிருக்கும். அதைச் சுடரில் காட்டினால் சூடான பல்லேடியம் சுடரிலிருக்கும் ஹைட்ரஜனை உள்ளே கசியவிடும். எக்ஸ்-கதிர் எடுப்பவர் ஒரு கையில் ஸ்பிரிட் விளக்கோடு நின்ற காலம் அது. அன்றன்று குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? தன் கையையே ஒளிர்திரைக்கு முன் நீட்டி எலும்பு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும். விரல்கள் புண்ணாயின, புண் புற்றானது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-ல் இறந்தார். இப்படி மாண்டவர்களுக்காக 1936-ல் ஹாம்பர்க் நகரில் எழுப்பிய நினைவுத்தூணில் முதலில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 159.

1913-ல் அமெரிக்காவின் ஷெனக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் வில்லியம் கூலிட்ஜ் இந்த முடிச்சை அவிழ்த்தார். பல்புக்காக டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டவரும் அவர்தான். வாயுவை அடியோடு வெளியேற்றினார். எலக்ட்ரானுக்குச் சூடான டங்ஸ்டன் சுருளை வைத்தார். சுருளின் சூடு எத்தனை எலக்ட்ரான் என்பதைச் சொல்லும். மின்னழுத்தம் எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லும். ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யாது. திங்கட்கிழமை போட்ட எண்ணை வெள்ளிக்கிழமை போட்டால் அதே படம் வரும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. ராண்ட்கனுக்கு இருக்கும் புகழில் கூலிட்ஜுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. எக்ஸ்-கதிரோடு வாழ்ந்த அந்த மனிதர் 101 வயது வரை இருந்தார்.

இரண்டும் பிரிந்த பிறகுதான் எதை எப்போது தொடுவது என்ற கலையே பிறந்தது. நெஞ்சுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். எலும்பிலுள்ள கால்சியம் கதிரை விழுங்கும் விதம் கதிரின் ஆற்றலைப் பொறுத்து வெகுவாக மாறும். ஆற்றல் இருமடங்கானால் அந்த விழுங்கல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். 70 கேவியில் எடுத்தால் விலா எலும்புகள் வெள்ளை வெளேரென்று நிற்கும், அவற்றின் பின்னால் இருக்கும் நுரையீரலை மறைத்துக்கொண்டு. 120 கேவியில் விலாக்கள் மங்கி வழிவிடும். இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நுரையீரல் பகுதிகூடத் தெரியும். கேவி கூடியதால் எம்.ஏ.எஸ். வெகுவாக இறங்கும், தோலில் படும் கதிரும் குறையும். இதே ஆள் பைக்கிலிருந்து விழுந்து விலா முறிந்ததோ என்று வந்தால் கதை மாறுகிறது. அப்போது விலாதான் வேண்டும். கேவியை எழுபதுக்கு இறக்க வேண்டும். நல்ல டெக்னீஷியன் சீட்டில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துவிட்டுத்தான் எண்ணைத் தொடுவார். உடல் நாலு சென்டிமீட்டர் தடித்தால் எம்.ஏ.எஸ்.ஸை இருமடங்காக்கு என்பது அவர்களின் வாய்ப்பாடு.

பழைய கன்சோல்களில் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு குமிழும், அதற்கு மேல் ஒரு முள் மீட்டரும் இருக்கும். லைன் வோல்டேஜைச் சரிசெய்வதற்கு. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் மின்னழுத்தம் இறங்கும். முள் குறியை விட்டு நழுவும். கவனிக்காமல் எடுத்தால் லைனில் 5 சதவீதச் சரிவு கேவியிலும் 5 சதவீதம். குழாய் வாசலில் செறிவு 10 சதவீதம் சரியும், ஃபிலிமில் 20-க்கு மேல். காலையில் அருமையாக வந்த அதே எண் இரவில் வெளிறிய படத்தைத் தரும். அந்த இயந்திரங்களில் இன்னொரு சங்கதி: கேவி என்று நாம் போடுவது உச்சத்தை மட்டும்தான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அழுத்தம் விநாடிக்கு 100 முறை சுழியிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பும். உச்சியை ஒட்டிய கணங்களில் மட்டுமே உருப்படியான கதிர் வரும். இன்றைய உயர் அதிர்வெண் ஜெனரேட்டர்கள் அழுத்தத்தைக் கிட்டத்தட்ட நேர்கோடாக நிறுத்துகின்றன. அதனால் அதே கேவி, அதே எம்.ஏ.எஸ்.ஸுக்குக் கூடுதல் கதிர் கிடைக்கிறது. பழைய இயந்திரத்தின் எண்களை எழுதி ஒட்டிய அட்டையைப் புதிய இயந்திரத்துக்கும் கொண்டுபோனால் எல்லாப் படமும் ஓவராகத்தான் வரும்.

இந்த இரண்டு எண்களைத் தவிரத் தூரமும் செறிவை மாற்றும். அதன் கணக்கு எளிது. கற்றை விரிந்துகொண்டே போவதால் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். 100 சென்டிமீட்டரிலிருந்து 180-க்குப் போனால் அதே செறிவுக்கு 3.24 மடங்கு எம்.ஏ.எஸ். வேண்டும். அப்படியும் நெஞ்சுப் படத்தை ஆறடி தள்ளியே எடுக்கிறார்கள், இதயத்தின் நிழல் பெருத்துத் தெரியக் கூடாது என்பதற்காக. ஐ.சி.யூ.வில் கட்டிலோடு மொபைல் மெஷினில் கிட்டத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இதயம் வீங்கியிருக்கிறது என்று சட்டென முடிவுகட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

கற்றையின் பாதையில் வேண்டுமென்றே ஒரு தடையும் வைக்கிறார்கள். குழாயிலிருந்து வரும் கதிர் எல்லாம் ஒரே ஆற்றலில் வருவதில்லை. 120 கேவி போட்டால் 120 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்பது உச்சவரம்பு. சராசரி அதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. அடிமட்டத்தில் கிடக்கும் பலவீனமான ஃபோட்டான்கள் தோலைத் தாண்டுவதே இல்லை. படத்துக்கு உதவாமல் நோயாளிக்குக் கதிர்ச்சுமையை மட்டும் ஏற்றிவிட்டுப் போகும் இவற்றை நிறுத்தவே வாசலில் அலுமினியத் தகடு. 70 கேவிக்கு மேல் இயங்கும் குழாய்களுக்கு மொத்தத்தில் 2.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு நிகரான வடிகட்டல் இருக்க வேண்டும் என்பது விதி. தகடு வைத்தால் செறிவு குறைகிறது, ஆனால் சராசரி ஆற்றல் ஏறுகிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பொதுத்தேர்வு எழுதவிடாமல் நிறுத்தி, சராசரி மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டும் பள்ளிக்கூடங்கள் செய்வதும் இதையேதான். மிச்சமிருக்கும் யாரும் புதிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. கதிர் விஷயத்தில் இது நல்ல காரியம்.

ஒரே கற்றைக்குள்ளும் செறிவு எங்கும் சமமில்லை. சரிவான தட்டின் பக்கமாக வெளியேறும் கதிர் டங்ஸ்டனுக்குள்ளேயே சற்று அதிகத் தூரம் கடக்க வேண்டியிருப்பதால் அந்தப் பக்கம் மெலிந்து வரும். தொடையை எடுக்கும்போது தடித்த மேல்பகுதியைச் சுருளின் பக்கமாக வைப்பது அதனால்.

ஃபிலிம் இருந்தவரை தவறு உடனே காட்டிக்கொடுக்கும். எம்.ஏ.எஸ். கூடிவிட்டால் படம் கரி, குறைந்தால் வெளிறல். டார்க் ரூமிலிருந்து ஈரத்தோடு வரும் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டியதுமே சீனியர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் எண்களைக் கற்றுக்கொண்டார்கள். டிஜிட்டலில் அந்தத் தண்டனை இல்லை. கதிர் இருமடங்கு விழுந்தாலும் பாதி விழுந்தாலும் கணினி பிரகாசத்தைத் தானே சரிக்கட்டிப் பார்க்கத் தகுந்த படத்தைக் கொடுத்துவிடும். குறைவாக விழுந்தால் மட்டும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். ரேடியாலஜிஸ்ட் முகம் சுளிப்பார். கூடுதலாக விழுந்தாலோ படம் இன்னும் வழவழப்பாக வரும், எல்லாரும் பாராட்டுவார்கள். ஒரு பக்கம் திட்டு, மறுபக்கம் பாராட்டு. மனிதர் எந்தப் பக்கம் சாய்வார்? 2.5 போட வேண்டிய இடத்தில் 3, அப்புறம் 4, ஒரு நாள் 5. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒழுங்காக எடுத்த ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர்ச்சுமை சுமார் 0.02 மில்லிசீவர்ட், இயற்கையாகவே மூன்று நாளில் நம்மீது படுகிற அளவு. அது இருமடங்கானால் ஒருவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த இயந்திரத்தின் முன் நாள் முழுக்க வரிசை நிற்கிறது.

இதற்காகவே 2008-ல் உலக அளவில் ஒரு தரநிலை வந்தது. ஒவ்வொரு படத்தோடும் ஒரு விலகல் எண் பதிவாகும். பூஜ்யம் என்றால் உணர்கருவியில் விழுந்த கதிர் இலக்கில் இருக்கிறது. கூட்டல் 3 என்றால் இருமடங்கு. கழித்தல் 3 என்றால் பாதி. திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படத்தைப் பார்ப்பவர்களில் அதையும் பார்க்கிறவர்கள் கொஞ்சம்தான். அதைப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இலக்கு வானத்திலிருந்து இறங்கியதல்ல. இயந்திரத்தை நிறுவும்போது யாரோ ஒருவர் உட்கார்ந்து உள்ளிட்ட எண். அதை இருமடங்காகப் பதிந்துவிட்டுப் போயிருந்தால், இருமடங்கு கதிரில் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் விலகல் எண் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.